இனிப்பின் பிடியும் மீளும் வழிகளும்

இனிப்பை விட முடியாமல் தவிப்பது பழக்கமா, மனபலவீனமா, நோயா? மருத்துவர்களும் உணவியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வருகிறார்கள். எந்த விடையை ஏற்கிறோமோ அதைப் பொறுத்து மீளும் வழியும் மாறுகிறது. பழக்கம் என்றால் மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளலாம். போதை என்றால் மதுவைப் போல் அடியோடு விட வேண்டியிருக்கும். சூழலின் விளைவு என்றால் தனிமனிதரைத் திருத்துவதற்கு முன் கடையையும் விலையையும் விளம்பரத்தையும் திருத்த வேண்டும்.

இந்தக் கேள்வி இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. நீரிழிவுக்குச் சர்க்கரை மட்டுமே காரணமில்லை. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, தீட்டிய அரிசி, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு எனப் பலவும் அதில் பங்கு வகிக்கின்றன. ஆயினும் அன்றாடம் சேரும் சர்க்கரை நம்மால் குறைக்கக்கூடிய காரணங்களில் ஒன்று. மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவே சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்தும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்தும் வர வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள், கொண்டுவந்தால் கூடுதல் நன்மை கிடைக்கலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. ஒரு சிறிய டின் கோலா பானத்திலேயே ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது.

அளவைக் குறைக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. குறைக்க முயல்பவர் ஏன் திரும்பத் திரும்பத் தோற்கிறார், அவருக்கு எது உதவும் என்பதில்தான் பிளவு இருக்கிறது.

கேள்வி உருவான விதம்

சர்க்கரை ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருள். அது ஏழைத் தொழிலாளியின் தேநீருக்குள் வந்து சேர்ந்த கதையை மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய நூலில் விரிவாகச் சொன்னார். கரீபியத் தீவுகளின் தோட்டங்களும் அடிமை உழைப்பும் விலையைக் குறைத்தன. பிரிட்டனின் ஆலைத் தொழிலாளிக்கு மலிவான ஆற்றலும் சற்றே ஆறுதலும் கிடைத்தன. அடிமை முறை ஒழிந்த பின் மொரிஷியஸ், நேட்டால், பிஜி கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்களும் உண்டு. மலிவு விலையில் எங்கும் கிடைத்த பிறகே, விட முடியவில்லை என்ற பேச்சும் பெரிதாக எழுந்தது.

உணவுக்கு ஒருவர் போதைப்பொருளுக்கு ஆட்படுவதுபோல் ஆட்படலாம் என்ற கருத்தை 1956இல் அமெரிக்க மருத்துவர் தெரன் ராண்டால்ஃப் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். மக்காச்சோளம், கோதுமை, காபி, பால், முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றையே அவர் எடுத்துக்காட்டுகளாகச் சொன்னார். 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில், மது அடிமைகளுக்கான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் பன்னிரண்டு படி முறையை அப்படியே பின்பற்றி ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ தொடங்கியது. ஆய்வகச் சான்றுகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, துன்பப்பட்டவர்கள் தமக்கான விளக்கத்தையும் துணையையும் தாமே உருவாக்கிக்கொண்டார்கள்.

சர்க்கரையைத் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் லண்டன் உணவியல் பேராசிரியர் ஜான் யுட்கின். 1972இல் வெளிவந்த அவர் நூல், இதய நோய்க்குக் கொழுப்பைவிடச் சர்க்கரையே பெரிய காரணம் என்று வாதிட்டது. அக்காலத்தில் கொழுப்புக் கொள்கையே ஓங்கியிருந்தது, அவர் ஓரங்கட்டப்பட்டார். அந்தப் போக்குக்குப் பின்னால் வணிக நலனும் இருந்தது என்பது 2016இல்தான் ஆவணங்களோடு தெரியவந்தது. அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஒன்று 1960களில் ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்தது; அவர்கள் எழுதி 1967இல் வெளியான மதிப்பாய்வு, இதய நோயில் சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கிக் கொழுப்பைப் பெரிதாக்கியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் கியர்ன்ஸும் அவர் சகாக்களும் இதை வெளிக்கொணர்ந்தார்கள். இதனால் யுட்கின் சொன்ன அனைத்தும் சரி என்று ஆகிவிடாது. ஆனால் இத்துறையின் எந்த முடிவைப் படிக்கும்போதும் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அவசியம் என்பதை அது உணர்த்தியது.

போதைதான் என்போரின் சான்றுகள்

போதைக் கருத்துக்கு வலுவூட்டியவை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹோபெல், நிகோல் அவேனா முதலியோர் எலிகளில் நடத்திய சோதனைகள். எலிகளை நாளில் 12 மணி நேரம் பட்டினி போட்டு, அடுத்த 12 மணி நேரம் தீனியோடு சர்க்கரைக் கரைசலும் கொடுத்தார்கள். சில வாரங்களில் அவை கரைசல் கிடைத்த உடனேயே அளவுக்கு மீறிக் குடிக்கத் தொடங்கின. ஓபியம் வகைப் பொருள்களின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைச் செலுத்தியபோது பற்கள் நடுங்கின, முன்னங்கால்கள் உதறின, தலை ஆடியது. இவை போதை விலகலின்போது காணும் அறிகுறிகளை ஒத்திருந்தன. மூளையின் இன்ப உணர்வு மையங்களில் டோபமின் சுரக்கும் விதத்திலும் மாற்றங்கள் தெரிந்தன. 2008இல் அவர்கள் இவற்றைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வு இன்றுவரை பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பிரான்சின் போர்தோ நகரில் செர்ஜ் அகமதின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு பரபரப்பை உண்டாக்கியது. சாக்கரின் கலந்த இனிப்பு நீரா, ரத்தத்தில் நேரே ஏறும் கோகெயினா என்று தேர்ந்தெடுக்க விட்டபோது, எலிகளில் 94 சதவீதம் இனிப்பையே நாடின. குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் சைகைகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் இன்னொரு கதவைத் திறந்தன. நாவில் இனிப்பை உணரும் ஆற்றல் இல்லாதபடி மாற்றப்பட்ட எலிகளும் நாளடைவில் சர்க்கரை நீரையே விரும்பக் கற்றுக்கொண்டன. ஆகவே சர்க்கரையின் ஈர்ப்பு சுவையோடு நின்றுவிடவில்லை. உள்ளே போன ஆற்றலையும் உடல் குறித்துக்கொள்கிறது.

மனிதர்களை அளக்க, ஆஷ்லி கியர்ஹார்ட் தலைமையில் யேல் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஒரு வினாப்பட்டியல் உருவானது. கட்டுப்பாடு இழத்தல், விட முயன்று தோற்றல், தீங்கு தெரிந்தும் தொடர்தல், வேட்கை போன்ற போதை நோய் அளவுகோல்களை அது உணவுக்குப் பொருத்திக் கேட்கிறது. பல நாடுகளில் இதைப் பயன்படுத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரியவர்களில் சுமார் 14 சதவீதமும் சிறுவர்களில் 12 சதவீதமும் அளவுகோலை எட்டுகிறார்கள் என்று 2023இல் ஒரு கட்டுரை மதிப்பிட்டது.

ஐயங்களும் மறுப்புகளும்

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்கரெட் வெஸ்ட்வாட்டர், பால் ஃபிளெச்சர், ஹிஷாம் சியாவுதீன் ஆகியோர் 2016இல் இச்சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, மனிதர்களில் சர்க்கரைப் போதைக்கான ஆதாரம் மிகக் குறைவு என்று எழுதினார்கள். அவர்கள் வாதத்தின் மையம் இது: போதை போன்ற நடத்தை, பட்டினியும் விருந்தும் மாறி மாறி வரும் எலிகளிடமே தெரிகிறது, நாள் முழுவதும் சர்க்கரை கிடைக்கும் எலிகளிடம் அது தோன்றுவதில்லை. அப்படியானால் விளைவை உண்டாக்குவது சர்க்கரையா, பட்டினியா? இக்கேள்விக்குப் போதைக் கட்சியினரிடம் முழுமையான பதில் இன்னும் இல்லை. கோகெயின் சோதனையும் இனிப்பின் கவர்ச்சியைக் காட்டுகிறதே தவிர, அடிமைத்தனத்தை நிறுவவில்லை. எலி ஒன்றைவிட இன்னொன்றை விரும்பியது என்பதும் அதை விட முடியாமல் தவித்தது என்பதும் வேறுவேறு.

டோபமின் வாதமும் தனித்து நிற்காது. பசித்தவன் உண்பது, தாய் குழந்தையை அணைப்பது, இசை கேட்பது என இன்பம் தரும் எதற்கும் அதே மூளைப் பாதைகள் விழிக்கின்றன. பிறந்த குழந்தையே இனிப்புக்கு முகம் மலர்கிறது, தாய்ப்பாலும் இனிப்பானது. இயற்கையான இவ்விருப்பத்தை நோய் என்று அழைத்துவிடக் கூடாது என்பது இவர்கள் எச்சரிக்கை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஏறத்தாழ 1,500 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. கட்டுப்படுத்த முடியாத உணவுகள் எவை என்று கேட்டபோது, கொழுப்பும் உப்பும் சேர்ந்தவற்றையும் கொழுப்பும் இனிப்பும் சேர்ந்தவற்றையுமே பெரும்பாலோர் சுட்டினார்கள். சர்க்கரை மட்டுமே முதன்மையாக உள்ள பண்டங்களால் தொல்லை என்றவர்கள் சுமார் 5 சதவீதமே. வெறும் சர்க்கரையை அள்ளித் தின்பவர் அரிது. நெய்யில் பொரித்துப் பாகில் ஊறியதும், பாலும் கோகோவும் கலந்ததும்தான் கையை இழுக்கின்றன.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு சூதாட்டத்தைப் போதை நோய்களோடு சேர்த்தது. உணவுப் போதையைச் சேர்க்கவில்லை. கட்டுப்பாடின்றிப் பெருமளவு உண்ணும் நோயை உண்ணுதல் சார்ந்த கோளாறுகளின் கீழ் வைத்தது. யேல் வினாப்பட்டியலில் அதிக மதிப்பெண் பெறுவோரில் கணிசமானோருக்கு இந்தக் கோளாறும் இருப்பதால், இரண்டும் ஒன்றா வேறா என்பதும் தீராத வழக்காகவே நிற்கிறது.

இடைப்பட்ட நிலைகள்

இரு கட்சிகளுக்கும் நடுவே இரண்டு நிலைப்பாடுகள் வளர்ந்துள்ளன. ஜெர்மனியின் யோஹனஸ் ஹேபெப்ராண்ட் தலைமையிலான குழு 2014இல், ஒரு பொருளின் மேல் பழி போடுவதைவிட உண்ணும் நடத்தையைப் போதையாகக் காண்பது பொருத்தம் என்றது. இதன் பலம், சூதாட்டத்தைப் போலவே ஒரு செயலும் ஆளை ஆட்கொள்ளும் என்று ஒப்புக்கொள்வது. குறை என்னவெனில், யாரும் வெள்ளரிக்காயில் கட்டுப்பாடு இழப்பதில்லை என்ற எளிய உண்மையை அது விளக்கத் தடுமாறுகிறது.

மற்றொரு நிலை, சர்க்கரையை விட்டு ஆலையில் வடிவமைக்கப்பட்ட உணவு முழுவதையும் நோக்குகிறது. சாவ் பாவ்லோவில் கார்லோஸ் மொன்டெய்ரோ வகுத்த பாகுபாடு, அதிகம் பதப்படுத்திய உணவுகளைத் தனி இனமாகப் பிரித்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேர் இரண்டு வாரம் அத்தகைய உணவையும், இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவையும் உண்டார்கள். பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் ஒத்திருந்தும், முதல் வகையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். கியர்ஹார்ட்டும் அலெக்ஸாண்ட்ரா டிஃபெலிசியான்டோனியோவும் 2022இல், புகையிலையைப் போதைப்பொருள் என்று முடிவுகட்ட 1988இல் பயன்பட்ட அளவுகோல்களை இவ்வுணவுகளுக்கும் பொருத்தலாம் என்று வாதிட்டார்கள். ஆயினும் ரொட்டி முதல் சத்துபானப் பொடி வரை அடங்கும் இந்த இனம் மிகப் பரந்தது. அதில் எந்த அம்சம் ஆளைப் பிடிக்கிறது என்பது தெளிவாகவில்லை.

உணவுத் தேர்வு: அடியோடு விடுவதா, படிப்படியாகக் குறைப்பதா?

கொள்கைச் சண்டை நடைமுறையில் இந்தக் கேள்வியாக வந்து நிற்கிறது. அடியோடு விடு என்போர், முதல் துண்டைத் தொடாதவனுக்கு இரண்டாவது துண்டின் தொல்லை இல்லை என்று வாதிடுகிறார்கள். பிரிட்டன், சுவீடன், வட அமெரிக்கா ஆகிய இடங்களில் மாவுச்சத்தைக் குறைத்து, உணவுப் போதை பற்றிய கல்வியும் குழு ஆதரவும் தந்த திட்டங்களின் முடிவுகளை ஜென் அன்வின் குழு 2022இல் வெளியிட்டது. பங்கேற்றவர்களின் போதை அறிகுறிகள் குறைந்தன; மனநலமும் மேம்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. வந்தவர்கள் தாமே விரும்பி வந்தவர்கள். நன்மை உணவு மாற்றத்தால் வந்ததா, கூடிப் பேசியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எதிர்த்தரப்புக்கு வலுவூட்டுபவை பீட்டர் ஹெர்மன், ஜேனட் போலிவி ஆகியோர் 1970களில் தொடங்கிய ஆய்வுகள். கடுமையாக உணவைக் கட்டுப்படுத்துவோர், ஒருமுறை விதியை மீறிவிட்டால் ‘இனிமேல் என்ன’ என்று மிகுதியாக உண்டார்கள். தடையே வேட்கையை வளர்க்கக்கூடும் என்பதால், உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்கு முழு விலக்கு ஆபத்தாகலாம் என்று பல சிகிச்சையாளர்கள் அஞ்சுகிறார்கள். இவ்விரு வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் போதிய கால அளவில் ஒப்பிட்ட நல்ல சோதனைகள் இன்னும் தேவைப்படுகின்றன.

நாவு பழகிக்கொள்ளும் என்ற நம்பிக்கை படிப்படி முறையின் அடிப்படை. பிலடெல்ஃபியாவின் மோனெல் மையத்தில் பால் வைஸ் குழு 2016இல் வெளியிட்ட சோதனையில், சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு மூன்றாவது மாதத்துக்குள், சுவைக்கக் கொடுத்த அதே புட்டிங் முன்னைவிட இனிப்பாகத் தெரிந்தது. குறைந்த இனிப்பு அவர்களுக்கு அதிகம் பிடித்துப்போனது என்று சொல்லச் சான்று கிடைக்கவில்லை. அண்மையில் நெதர்லாந்து, பிரிட்டன் ஆய்வாளர்கள் ஆறு மாதம் நடத்திய சோதனையில், இனிப்பான உணவுகளைக் கூட்டினாலும் குறைத்தாலும் இனிப்பின் மீதான விருப்பம் மாறவில்லை. எனவே ‘நாக்கு தானாகத் திருந்திவிடும்’ என்று உறுதி சொல்ல இயலாது. திருந்தாத நாக்கோடும் பழக்கத்தை மாற்றலாம் என்று சொல்வதே நேர்மை.

மாற்று இனிப்புகளும் எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரையிலிருந்து விலக்கி வைத்தது. நம் வீடுகளில் இன்னொரு மாற்று பரவலாக நம்பப்படுகிறது. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் தேனுக்கும் போனால் போதும் என்பது அது. இவற்றில் சிறிதளவு தாதுக்கள் உண்டு, மணமும் வேறு. ஆனால் பெரும்பகுதி சர்க்கரையே. வேட்கையிலிருந்து மீள நினைப்பவருக்குப் பொருளை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே பயன் தரும். பழத்தை முழுதாகத் தின்பதற்கும் சாறு பிழிந்து குடிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடும் இத்தகையதே. நாரை இழந்த சாறு, உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையில் சேரும்.

தமிழ் மண்ணுக்கு நன்கு அறிமுகமான சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரம் சர்க்கரை மண்ணைப்போல் சுவையற்றுப் போகும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு ஏற்பிகளை மறைத்துவிடுகின்றன. அதைக் கொண்டு செய்த மிட்டாயைச் சுவைத்தவர்கள் அடுத்து வந்த இனிப்பைக் குறைவாகவே தின்றார்கள் என்று சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த விளைவு மணிக்கணக்கில்கூட நீடிப்பதில்லை. மாதக்கணக்கில் பழக்கத்தை மாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

இவ்வளவு விவாதத்துக்கிடையிலும் பெரும்பாலோர் ஒப்பும் சில படிகள் உண்டு. இனிப்புப் பானங்களை முதலில் விடுவது, ஏனெனில் குடித்த கலோரி வயிற்றை நிறைத்த உணர்வைத் தருவதில்லை. காபி, தேநீரில் சர்க்கரையைக் கால் கரண்டி, அரைக் கரண்டியாகக் குறைப்பது. பருப்பு, முட்டை, மீன், சுண்டல், காய்கறி சேர்த்து நேரத்துக்கு உண்பது; காலை உணவைத் தவிர்த்துவிட்டு மாலையில் பேக்கரி வாசலில் நிற்பவரின் நிலை, பட்டினிக்குப் பின் சர்க்கரை கண்ட எலியின் நிலையோடு ஒப்பிடத்தக்கது. இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென உணவை மாற்றக் கூடாது; சர்க்கரை அளவு ஆபத்தான வகையில் தாழக்கூடும்.

துணை நிற்போர்: குழுக்களும் குடும்பமும்

உணவுப் பட்டியலைத் தெரிந்துகொள்வது எளிது. அதில் நிலைத்திருப்பதே கடினம். இங்கேதான் கூட்டு ஆதரவின் பங்கு வருகிறது. பன்னிரண்டு படி அமைப்புகள் வெட்கத்தைக் களைந்து, ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் கைகொடுக்கும் ஏற்பாட்டைத் தருகின்றன. மது விஷயத்தில் இந்த முறைக்கு நல்ல சான்று உண்டு: 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து மதுவை விட்டிருப்பதில் இம்முறை பிற சிகிச்சைகளுக்கு நிகராகவோ மேலாகவோ இருக்கிறது என்று கண்டது. உணவு விஷயத்தில் அதே தரத்தில் சோதனைகள் நடக்கவில்லை. மதுவைத் தொடாமல் வாழ்நாளைக் கழிக்கலாம். உண்ணாமல் ஒரு வாரம்கூட ஓடாது என்பதால் ஒன்றின் வெற்றியை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வதும் தவறு.

வாராந்தரக் கூட்டமும் எடை பார்த்தலும் கொண்ட வழியை ஜீன் நைடெட்ச் 1963இல் நியூயார்க்கில் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்று நிறுவினார். 423 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்த சோதனை ஒன்று 2003இல் வெளியானது. கூட்டங்களுக்குச் சென்றவர்கள் சராசரியாக 2.9 கிலோ குறைந்தார்கள். தாமே முயன்றவர்கள் 0.2 கிலோ. வேறுபாடு உண்மையானது, ஆனால் விளம்பரங்கள் காட்டும் அளவு பெரியதில்லை.

நமக்கு அருகிலுள்ள சான்றுகள் மேலும் பொருத்தமானவை. அவை இனிப்பை மட்டும் குறிவைத்தவை அல்ல. நீரிழிவைத் தடுக்கும் நோக்கில் உணவு, நடை இரண்டையும் மாற்ற முயன்றவை. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் முடிவு வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. சென்னையிலேயே 578 பேரிடம் நடந்து 2016இல் வெளியான இன்னொரு ஆய்வு, குழு வகுப்புகளின் மூலம் 32 சதவீதக் குறைவைக் கண்டது; அதில் பலருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் தேவைப்பட்டது.

அண்டை மாநிலத்தின் அனுபவம் எச்சரிக்கையும் தருகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து, அக்கம்பக்கத்தவரையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்த திட்டத்தின் முடிவு 2018இல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் குழுவில் இருந்தோரில் 14.9 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு. பழம், காய்கறி உண்பது கூடியது, புகையிலையும் மதுவும் குறைந்தன. பக்கத்து வீட்டார் துணை பழக்கங்களை மாற்றுகிறது. அது நோயையும் தடுக்குமா என்பதற்கு இன்னும் பெரிய, நீண்ட ஆய்வு வேண்டும்.

உறவுகளின் செல்வாக்கை மிகைப்படுத்திய ஆய்வுகளும் உண்டு. நண்பர் பருமனானால் நமக்கும் பருமன் வரும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்று நிகோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் 2007இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே இருவர், அதே வகைக் கணக்கைப் பயன்படுத்தினால் முகப்பருவும் தலைவலியும் உயரமும்கூட நண்பர்களிடையே ‘பரவுவதாக’ வருகிறது என்று காட்டினார்கள். ஒரே சூழலில் வாழ்வோர் ஒரேபோல் மாறுவதைத் தொற்று என்று கருதிவிடும் அபாயம் இதில் தெளிவானது.

ஆதரவு என்பது கூட்டத்துக்குப் போவதோடு முடிவதில்லை. நம் வீடுகளில் விருந்தினருக்குச் சர்க்கரை தாராளமாகப் போட்ட காபி கொடுப்பதே மரியாதை. நல்ல செய்தி வந்தால் இனிப்புப் பெட்டி வந்தாக வேண்டும். வேண்டாம் என்பவரிடம் “சுகர் இருக்கா?” என்று கேட்கிறோம். இருக்கிறது என்றால் விட்டுவிடுகிறோம். இல்லை என்றால் “ஒரு துண்டுதானே, சாப்பிடுங்க” என்று வற்புறுத்துகிறோம். நோயாளிக்கு மட்டுமே மறுக்கும் உரிமையைத் தரும் சமூகத்தில், நோய் வருமுன் காத்துக்கொள்ள நினைப்பவர் தனித்து நிற்கிறார். வீட்டில் ஒருவருக்காகத் தனிக் காபி போடுவதும், அவர் எதிரில் மற்றவர்கள் மைசூர்பாகைப் பகிர்வதும் துணையாகாது. மொத்த வீடும் ஒரு கரண்டி குறைப்பதே துணை. இதை அளந்து பார்த்த ஆய்வுகள் நம்மிடையே போதவில்லை. இத்துறையின் பெரிய இடைவெளிகளில் இதுவும் ஒன்று.

கடையும் சட்டமும்

தனிமனித உறுதியையும் குழுவையும் மட்டும் நம்புவது, சந்தையைக் கேள்வி கேட்காமல் விடுவது என்பது பொதுச் சுகாதாரத் துறையினரின் வாதம். மெக்சிகோ 2014 ஜனவரியில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. அவற்றின் விற்பனை முதலாண்டில் 5.5 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 9.7 சதவீதமும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. பிரிட்டன் 2018இல் சர்க்கரை அளவுக்கேற்ற வரியைக் கொண்டுவந்தபோது, பல நிறுவனங்கள் வரியைத் தவிர்க்கப் பானத்தில் சர்க்கரையையே குறைத்தன. இலங்கை 2016இல் குளிர்பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்களைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் குளிர்பானங்களுக்கு உயர்ந்த வரி உண்டு. ஆனால் அது சர்க்கரை அளவுக்கேற்ப ஏறி இறங்குவதில்லை. பள்ளிகளில் சர்க்கரை அளவுகளை விளக்கும் பலகைகளை வைக்கும்படி மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025இல் உத்தரவிட்டது.

தொடக்கக் காலக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் பிரிட்டனின் போர்க்காலப் பங்கீடு எதிர்பாராத சான்றாகியது. 1953 செப்டம்பரில் சர்க்கரைப் பங்கீடு முடிந்ததும் நுகர்வு ஏறத்தாழ இரட்டித்தது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு சுமார் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தன என்று 2024இல் ஓர் ஆய்வு கண்டது. இது சோதனை அன்று. வரலாற்றுப் பதிவின் கணக்கு. ஆயினும் ஒரு தலைமுறையின் இனிப்பளவை மன உறுதியைவிடக் கடையில் கிடைக்கும் அளவே தீர்மானித்தது என்பதை அது வலுவாகக் காட்டுகிறது. வரியின் குறைபாடும் கவனிக்கத்தக்கது: அது பானங்களைத் தொடுகிறது, நம் சமையலறையின் சர்க்கரை டப்பாவை அநேகமாகத் தொடுவதில்லை.

இன்னும் விடை காணாதவை

கட்டுப்பாடு இழப்பது சர்க்கரையாலா, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த கூட்டாலா, கடும் பட்டினியாலா என்பது தீரவில்லை. யாருக்கு முழு விலக்கு பொருந்தும், யாருக்கு அது தீங்காகும் என்று முன்கூட்டியே அறியும் வழி இல்லை. குழு ஆதரவில் பயன் தருவது எது, தொடர் சந்திப்பா, பிறர் அறிவுரையா, தனிமை நீங்குவதா என்பதும் பிரித்தறியப்படவில்லை. சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்தும் மேலைநாட்டுப் பங்கேற்பாளர்களிடமிருந்தும் வந்தவை. சோறும் காபியும் பலகாரமும் கொண்ட வாழ்வில் இனிப்பு வேட்கை எப்படி இயங்குகிறது என்பதை நம் ஆய்வகங்களே ஆராய வேண்டும்.

மதிப்பீடு

சர்க்கரை மட்டுமே போதைப்பொருள் என்று மனிதச் சான்றுகளை வைத்து இன்று சொல்ல இயலாது. ஆனால் ஒரு பகுதி மக்களுக்கு, அதிகம் பதப்படுத்திய இனிப்பு உணவுகளின் முன் கட்டுப்பாடு உண்மையாகவே தளர்கிறது. அவர்களைச் சோம்பேறிகள், மன உறுதியற்றவர்கள் என்று ஒதுக்குவதற்கு அறிவியலில் இடமில்லை. பெரும்பாலோருக்குப் பானங்களில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது பாதுகாப்பான வழி. சிலருக்கு முழு விலக்கு நிம்மதி தரலாம். உண்ணுதல் கோளாறு வரலாறு உள்ளவர்கள் அதை மருத்துவத் துணையின்றி மேற்கொள்ளக் கூடாது. இந்த உணவுப் பட்டியல்தான் சிறந்தது என்று காட்டும் சான்றைவிட, துணையோடு செய்த மாற்றம் தனியே செய்ததைவிட நிலைக்கும் என்பதற்கான சான்று வலுவாக இருக்கிறது. அதன் அளவு மிதமானது, அது பொய்யன்று.

நோய் என்ற பெயர் பொருந்துமா என்ற வழக்கு முடியும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை அளவுக்கேற்ற வரியையும் தெளிவான அடையாளங்களையும் அரசிடம் கேட்போம். வீட்டில் அனைவருக்குமாகக் குறைப்போம். இனிப்பு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் அந்தச் சொல்லை மதிப்போம்.